காய்ந்த தூள், பூத்த தூள், செத்த தூள்: மூக்குத்தூள் எப்படிப் பழுதாகிறது?

இலங்கை மலைநாட்டு மஸ்கெலியாவில் ஆனி, ஆடி என்றால் மழை நிற்காது. அப்படி ஒரு மழைக்காலத்தில் எங்கள் அம்மாயி தன் மூக்குத்தூள் (மூக்கால் இழுக்கும் புகையிலைப் பொடி) போத்தலைத் திறந்து பார்த்துவிட்டு, "தூளு பழுதாப்போச்சு தம்பி" என்றார். அந்த வாரம் பண்டாரவளையிலிருந்து அவருடைய தங்கை, எங்கள் சின்ன அம்மாயி, வந்திருந்தார். அவரிடம் இருந்ததும் அதே கடையில் வாங்கிய அதே தூள்தான். "எனக்கும் இப்படித்தாங்க்கா பழுதாச்சு. ஒரு துண்டு உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டேன், நல்லாப் போச்சு. நீயும் போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாயி போட்டார். ஐந்தாம் நாள் திறந்தபோது கிழங்கின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதைச் சுற்றித் தூள் கட்டி கட்டியாகப் பிடித்திருந்தது. கரண்டிக் காம்பால் குத்தினால் ஈர மண்ணைக் குத்துவது போல உள்ளே இறங்கியது. ஒரு போத்தல் தூளையும் கானில் கொட்ட வேண்டியதாயிற்று.

அக்காவும் தங்கையும் சொன்ன சொல் ஒன்றுதான்: பழுது. ஆனால் பண்டாரவளைத் தூள் காய்ந்து போயிருந்தது. மஸ்கெலியாத் தூள் அப்போதே நமுத்திருந்தது. காய்ச்சல்காரருக்குக் கொடுத்த மருந்தைக் கால் முறிந்தவருக்குக் கொடுத்த கதைதான் அது. மூக்குத்தூளைப் பாதுகாப்பது பற்றிப் பலரும் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. பிரிட்ஜில் வை என்பார் ஒருவர், வைக்காதே என்பார் இன்னொருவர். தண்ணீர் தெளி, வெயிலில் காட்டு, அடுப்புப் பரணில் வை. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு தடவை சரிவந்ததுதான். ஏன் சரிவந்தது என்று தெரியாமல் அடுத்த வீட்டில் செய்தால் கானுக்குத்தான் போகும்.

பழுது என்பது மூன்று

நாள்பட்டுத் தூள் போடுகிறவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால், அவர்கள் மூன்று சொற்களைத் தனித்தனியாகப் பாவிப்பது தெரியும்.

"காய்ஞ்சு போச்சு" என்றால் தண்ணீர் வெளியேறிவிட்டது. விரலிடுக்கில் எடுத்தால் நிற்காமல் புழுதி போலப் பறக்கும். இழுத்தால் மூக்கில் தங்காமல் நேரே தொண்டைக்கு ஓடி இருமல் வரும்.

"பூத்துப் போச்சு" என்றால் தண்ணீர் கூடிவிட்டது. முதலில் கட்டிபிடிக்கும். பிறகு பழைய சாக்கின் வாடை வரும். அதற்குப் பிறகு வெள்ளையாகவோ சாம்பலாகவோ கண்ணுக்கே தெரியும்.

"செத்துப் போச்சு" என்பதுதான் கண்ணுக்குத் தெரியாதது. தூள் பார்க்க நன்றாகவே இருக்கும், ஈரமும் பதமாக இருக்கும். ஆனால் மணமும் இல்லை, ஏறுவதும் இல்லை.

முதல் இரண்டும் ஒரே விசயத்தின் இரண்டு முனைகள். அது தண்ணீர். மூன்றாவது வேறு விசயம். இந்த ஒரு பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் இலேசாக விளங்கும்.

முறுக்கு நமுக்கிறது, பாண் காய்கிறது

நுவரெலியாவில் பனி இறங்கும் ஒரு சாயங்காலம். மேசையில் ஒரு தட்டில் முறுக்கும், பக்கத்தில் ஒரு துண்டுப் பாணும் திறந்தபடி இருக்கட்டும். விடிந்து பார்த்தால் முறுக்கு நமுத்திருக்கும், பாண் விறைத்திருக்கும். இரண்டும் இருந்தது ஒரே காற்றில். அதே காற்று ஒன்றுக்கு ஈரத்தைக் கொடுத்தது, மற்றதிடமிருந்து ஈரத்தை எடுத்தது.

காற்று ஈரமானதா காய்ந்ததா என்று மட்டும் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. காற்றோடு ஒப்பிடும்போது அந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. முறுக்கு காற்றை விடக் காய்ந்தது, அதனால் வாங்கியது. பாண் காற்றை விட ஈரமானது, அதனால் கொடுத்தது. இரண்டு பக்கமும் சமமாகும் வரை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். சமமானதும் நின்றுவிடும். அப்போது பொருளில் மிஞ்சியிருக்கும் ஈரத்தைச் சமநிலை ஈரம் என்கிறோம்.

மூக்குத்தூளும் அப்படித்தான். இன்னும் வேகமாக. இலையாக இருக்கும்போது புகையிலைக்கு இரண்டு பக்கம்தான். மாவாக அரைத்த பிறகு ஒவ்வொரு துகளுக்கும் நாலாபுறமும் காற்று. புகையிலைக் கட்டு பல நாள் எடுத்துச் செய்யும் காரியத்தைத் தட்டில் பரப்பிய தூள் சில மணி நேரத்தில் செய்துவிடும்.

காற்றின் பாத்திரம் பெரிதாகும், சிறிதாகும்

இங்கே ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: சாரீரப்பதன். காற்று அந்த வெப்பநிலையில் அதிகபட்சமாக எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் இப்போது எத்தனை வீதம் இருக்கிறது என்பதே சாரீரப்பதன். பாதி இருந்தால் 50 வீதம். முழுதாக நிறைந்தால் 100.

இதில் சூட்சுமம் "அந்த வெப்பநிலையில்" என்பதில் இருக்கிறது. 20 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகைக்கு இறங்கினால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். 30 பாகைக்கு ஏறினால் 30 கிராம். சூடு ஏற ஏறக் காற்றின் பாத்திரம் பெரிதாகிறது, குளிரக் குளிரச் சிறிதாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் தண்ணீர் மாறவே வேண்டியதில்லை. பாத்திரம் சுருங்கினால் பாதி நிறைந்தது முழுதாக நிறைந்துவிடும், அதற்கு மேல் சுருங்கினால் வழியும். வழியத் தொடங்கும் அந்த வெப்பநிலைக்குப் பனிபடுநிலை என்று பெயர்.

தேயிலைத் தோட்ட லயத்துக் காம்பராவில் படுத்து வளர்ந்தவர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. விடியற்காலையில் தகரக் கூரையின் உள்பக்கத்திலிருந்து முகத்தில் சொட்டுமே, அது ஓட்டை வழியாக வந்த மழை இல்லை. எங்கள் மூச்சும் அடுப்பில் கொதித்த தண்ணீரின் ஆவியும்தான். குளிர்ந்த தகரத்தில் பட்டதும் காற்று அதைத் தாங்க முடியாமல் கொட்டியது.

மூக்குத்தூளுக்கு இதில் என்ன கணக்கு? சுற்றியுள்ள காற்றின் சாரீரப்பதன் 65, 70 வீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் அப்படியே நின்றால் பூஞ்சணத்துக்கு வாசல் திறக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் வரை தூளில் இருக்கும் தண்ணீர் பூஞ்சணத்துக்கு எட்டாத தண்ணீர். மறுபக்கம், காற்று மிகவும் வறண்டு கிடந்தால் தூள் புழுதியாகிறது.

இதை அளக்கக் கருவி விற்கிறார்கள். கருவி இல்லாவிட்டால் குசினியிலேயே ஒன்று இருக்கிறது: உப்பு. சுத்தமான உப்பு 75 வீதம் வரை காய்ந்தே இருக்கும், அதைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடையில் கிடைக்கும் கல்லுப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே ஈரமாகிவிடும். அதனால் கல்லுப்பை விட, மேசையில் வைக்கும் தூள் உப்பில் ஒரு கரண்டி எடுத்துச் சிறு தட்டில் வைத்துப் பார்ப்பது நல்லது. அது கசியும் நாட்களில் தூள் போத்தலை வீணாகத் திறந்து வைக்கக் கூடாது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தூள் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமமாகும் வரை ஈரத்தைக் கொடுக்கும் அல்லது வாங்கும். காற்று எவ்வளவு ஈரம் என்பது வெப்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

ஒரே மலை, இரண்டு வானிலை

இப்போது அக்கா தங்கை கதைக்குத் திரும்பலாம்.

தென்மேல் பருவக்காற்று கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. பாத்திரம் சுருங்குகிறது. வழிகிறது. அதுதான் மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கத்து மழை. தண்ணீரைக் கொட்டிவிட்ட அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே ஊவாப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகிறது, பாத்திரம் பெரிதாகிறது. உள்ளே இருப்பதோ மிச்சத் தண்ணீர்தான். ஆகவே சாரீரப்பதன் விழுகிறது. பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வீசும் அந்த வறண்ட காற்றைத்தான் கச்சான் என்கிறோம். ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணியில் வரும் பேர்போன மணத்துக்கும் இந்தக் காற்றுத்தான் காரணம். கொழுந்து அந்த வறட்சியில் தண்ணீர் குறைந்து இறுகுகிறது.

ஒரே மாதம், ஒரே கடைத் தூள். மலைக்கு மேற்கே நமுத்தது, கிழக்கே காய்ந்தது. சின்ன அம்மாயியின் வீட்டில் உருளைக்கிழங்கு வேலை செய்ததற்குக் காரணம் அவர் போத்தல் மூடி சரியாக இறுகாததுதான் என்று நினைக்கிறேன். கிழங்கு கொடுத்த தண்ணீரைக் கச்சான் காற்று மூடி இடுக்கு வழியாக எடுத்துக்கொண்டே இருந்தது, தூள் நடுவில் பதமாக இருந்தது. எங்கள் அம்மாயியின் போத்தலைச் சுற்றி இருந்ததோ மழைக்காற்று, தண்ணீர் போக வழியே இல்லை.

உருளைக்கிழங்கு, தோடம்பழத் தோல், வெற்றிலைத் துண்டு எல்லாவற்றுக்கும் இதே குறைதான். பச்சையாக இருக்கும் எந்தப் பொருளும் மூடிய பாத்திரத்துக்குள் காற்றை ஏறக்குறைய 100 வீதம் வரை நிறைத்துக்கொண்டே போகும். "போதும்" என்று நிற்கத் தெரியாது. வெலிமடைக் கிழங்கானாலும் சரி, வேறு ஊர்க் கிழங்கானாலும் சரி.

வடகீழ்ப் பருவம் வந்தால் கதை புரளும். ஐப்பசி, கார்த்திகையில் ஊவாவில் மழை. தை, மாசியில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பகலில் வறண்ட வெயிலும் இரவில் கடும் குளிரும். நுவரெலியாவில் சில விடியலில் புல்லில் உறைபனியே படியும். அதனால் மாமியார் வீட்டில் பார்த்த முறையை அம்மா வீட்டில் செய்யும்முன், அங்கே என்ன காற்று அடிக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

போத்தலைத் திறந்தால் ஈரம் போய்விடுமா?

"அடிக்கடி திறக்காதே, காற்றுப் பட்டு நமுத்துப்போகும்" என்று சொல்லாத வீடு இல்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை ஆச்சரியமாக இருக்கும்.

அரை லீற்றர் போத்தலில் பாதி தூள், பாதி காற்று. அந்தக் கால் லீற்றர் காற்று 20 பாகையில் 80 வீத ஈரத்தோடு இருந்தாலும் அதில் உள்ள நீராவி 3 அல்லது 4 மில்லிகிராம். 100 கிராம் தூளின் ஈரம் ஒரு வீதம் கூட வேண்டுமென்றால் 1 கிராம், அதாவது 1,000 மில்லிகிராம் தண்ணீர் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் திறந்து புதுக்காற்றை நிரப்பி, அதிலுள்ள அத்தனை நீராவியையும் தூள் உறிஞ்சினாலும், முந்நூறு தடவை அளவுக்குத் திறந்து மூட வேண்டும்.

ஆகவே ஒரு சிட்டிகை எடுக்க மூடியைத் திறப்பதால் தூள் நமுக்காது, காயாது.

பிறகு எதனால் நமுக்கிறது? மூடி இறுகாததால். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவை எட்டடி உயரத்துக்குக் கணக்கிட்டால் அதற்குள் இருக்கும் காற்று 27 கன மீற்றர். அதே 80 வீதத்தில் அந்தக் காற்றில் 350 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அது தீர்ந்தால் கதவு வழியாக மறுபடியும் வரும். இறுகாத மூடி என்பது அந்த முழுக் காம்பராவோடும், காம்பராவுக்கு வெளியே உள்ள மலையோடும் தூளை இராப்பகலாகப் பேச விடுவது. பத்துத் தடவை திறந்து இறுக்கமாக மூடுவதை விட, ஒரு இரவு முழுக்க மூடியைக் கோணலாக விட்டுவைப்பது பல மடங்கு மோசம்.

இறுக மூடிய போத்தலுக்குள் இன்னொரு நல்ல காரியமும் நடக்கிறது. அங்கே தூள்தான் எசமான். அதில் உள்ள கிராம் கணக்கான தண்ணீர், சுற்றியுள்ள மில்லிகிராம் கணக்கான நீராவியைத் தன் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். வெளியே கச்சான் அடித்தாலும் சரி, சாரல் அடித்தாலும் சரி, போத்தலுக்குள் தனி வானிலை. நாம் பாதுகாப்பது உண்மையில் அந்த வானிலையைத்தான்.

தேயிலைக்குச் சொல்லும் புத்தி தூளுக்குப் பொருந்துமா?

பெக்டரியில் வேலை செய்த ஒரு பெரியப்பா எதையும் தேயிலையை வைத்தே அளப்பார். "நல்லா காயவச்சுப் பூட்டிட்டா எதுவும் கெடாது" என்பார். தேயிலைக்கு அது முழு உண்மை. பறிக்கும்போது கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். வாட்டி, அரைத்து, அடுப்புச் சூட்டில் காயவைத்து வெளியே வரும்போது 3 வீதம் அளவுக்குத்தான் மிஞ்சும். அந்த 3 வீதத்தைக் காப்பாற்றத்தான் பழைய மரப்பெட்டிகளுக்கு உள்ளே ஈயத்தகடும், பிற்காலத்தில் அலுமினியத் தாளும் பதித்தார்கள்.

மூக்குத்தூளில் எல்லா வகையும் அப்படி இல்லை. இலையை நன்றாக வறுத்து அரைத்த உலர் வகைகள் இருக்கின்றன. அவை தேயிலையைப் போலக் காய்ந்திருப்பதையே விரும்பும். ஈரத்தோடு பதமாக்கிய வகைகள் வேறு. அவற்றைக் காயவைத்தால் தூளின் உயிரே போய்விடும். வாங்கிய அன்றே ஒரு சிட்டிகையை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய தடம் நின்றால் ஈர வகை, உதிர்ந்தால் உலர் வகை. அந்த முதல்நாள் பதம்தான் இனிமேல் அளவுகோல். அரிசியை வறுத்து ஆறவிட்டுத் துணியில் முடிந்து போத்தலில் போடும் பழக்கம் உலர் வகைக்கு மழைக்காலத்தில் உதவும். ஈர வகைக்கு அதைச் செய்யக் கூடாது.

செத்த தூள்: போவது தண்ணீர் அல்ல

ஈரத்தைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம். மூன்றாவது பழுதுக்கு வருவோம்.

மணம் என்பது காற்றில் பறக்கும் பொருள். எது தானாகவே ஆவியாகி மூக்குக்கு வருகிறதோ அதைத்தான் நாம் மணக்கிறோம். இந்தக் குணத்துக்கு ஆவிப்பறப்பு என்று பெயர். நாம் மணக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொருள் தூளிலிருந்து கொஞ்சம் குறைகிறது. தூளில் மணப்பொருளின் மொத்த அளவே மிகச் சொற்பம். ஆகவே தண்ணீருக்குப் போட்ட கணக்கு இங்கே தலைகீழாகிறது. ஒவ்வொரு திறப்பும், போத்தலில் உள்ள ஒவ்வொரு விரல் வெற்றிடமும் மணத்துக்குக் கணக்கில் வரும். அடிக்கடி திறக்காதே என்ற பழைய புத்தி சரியானதுதான். அதற்குச் சொன்ன காரணம்தான் பிழை.

மணம் போலவே பறக்கும் இன்னொன்று "காரம்", அதாவது மூக்கில் ஏறும் உறைப்பு. புகையிலையில் நிக்கொட்டின் பெரும்பாலும் அமிலங்களோடு கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்க் குணம்) உள்ள ஒன்றைச் சேர்த்தால் அந்தக் கட்டு அவிழ்கிறது. அவிழ்ந்த நிக்கொட்டின் மூக்கின் உள்தோலுக்குள் சட்டென்று இறங்கும். போத்தலைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி அமோனியாவுடையது. இரண்டுமே ஆவிப்பறப்பு உள்ளவை. நெடி குறையக் குறையத் தூளின் காரத்தன்மை இறங்குகிறது, நிக்கொட்டின் மறுபடி கட்டுண்டு போகிறது. நிக்கொட்டின் முழுவதும் பறந்துவிடவில்லை. ஆனாலும் போடுகிறவர் "ஏறவே இல்ல" என்கிறார்.

சுண்ணாம்பும் சும்மா இருப்பதில்லை. வெற்றிலைப் பெட்டியில் திறந்து விட்ட சுண்ணாம்பு டப்பியைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக ஏடு கட்டி, சுரண்டினால் பொருக்காக உதிரும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து அது மெல்ல மெல்லச் சுண்ணக்கல்லாக மாறியிருக்கிறது. அதை வெற்றிலையில் தடவினால் நாக்குச் சிவப்பதற்குப் பதில் நறநறக்கும். சுண்ணாம்பு சேர்த்த மூக்குத்தூளிலும் இதேதான், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

நெய் சேர்த்த தூளும் உண்டு. அதில் வரும் காறல் வாடை பூஞ்சணம் இல்லை. நெய்யோடு காற்றின் ஒட்சிசன் சேர்வதால் வருவது. இதுதான் ஒட்சியேற்றம். வெளிச்சமும் சூடும் இதைத் துரிதப்படுத்தும். கண்ணாடிப் போத்தலை ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

சுருக்கமாக: ஈரம் பார்த்தால் போத்தலின் வெற்றிடம் பெரிய விசயமில்லை, மூடிதான் விசயம். மணமும் காரமும் பார்த்தால் இரண்டும் விசயம்.

எதில் வைப்பது

ஒரு நாள் கடைப் பொலித்தீன் பையிலேயே தூளைக் கட்டி அலுமாரியில் வைத்துப் பாருங்கள். முடிச்சு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இரண்டு நாளில் அலுமாரி முழுக்க வாடை அடிக்கும். பொலித்தீன் நீராவியை ஓரளவு நன்றாகவே தடுக்கும். மணப்பொருட்களையும் ஒட்சிசனையும் தடுக்காது. அதனால்தான் பையில் கிடந்த தூள் காயாமல், நமுக்காமல், செத்துப்போகிறது. செத்த தூளுக்கு இதுதான் எங்கள் பக்கம் முதல் காரணம் என்பது என் எண்ணம்.

கண்ணாடியும் உலோகமும் இரண்டையும் தடுக்கும். அங்கே பலவீனம் மூடியில். ஜாம் போத்தல் மூடியின் உள்பக்கம் ரப்பர் போன்ற ஒரு வளையம் இருக்கும். அது வெடித்திருந்தால் அந்தப் போத்தல் வேண்டாம். இறுக்கம் தெரியாவிட்டால் வெறும் போத்தலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடி, இரவு முழுக்கத் தலைகீழாக ஒரு கடதாசி மேல் வையுங்கள். காலையில் கடதாசி காய்ந்திருந்தால் ஓரளவு நம்பலாம். பிறகு நன்றாகக் கழுவிக் காயவைக்க மறக்கக் கூடாது. பழைய ஈயத்தகடு போட்ட பெட்டியும், ஈயப்பற்று வைத்த தகரமும் எந்தக் காரணத்துக்கும் ஆகாது. ஈயத்தாளில் பொதிந்த மூக்குத்தூளால் ஈயநஞ்சு ஏறியவர்கள் உண்டு.

பழைய ஆட்கள் செய்த ஒரு காரியம் எனக்கு இப்போது படிக்கும்போதுதான் விளங்குகிறது. மடியில் ஒரு சின்ன டப்பி, மேலே பலகையில் ஒரு பெரிய போத்தல். டப்பியில் மூன்று நாலு நாளைக்குப் போதுமான தூள், அதை எத்தனை தரம் திறந்தாலும் பரவாயில்லை. போத்தலைத் திறப்பது வாரத்துக்கு இரண்டு தரம். தமிழ்நாட்டில் தூளைக் காய்ந்த வாழைப்பட்டையில் சின்னச் சின்ன மட்டைகளாகக் கட்டியதும் இதே புத்திதான்: ஒன்றைப் பிரித்தால் மற்றவை பிரியாமல் இருக்கும். இன்றைக்கு அதைச் செய்வதென்றால் ஒரு பெரிய போத்தலுக்குப் பதில் நாலு சின்னப் போத்தல், ஒவ்வொன்றும் கழுத்து வரை நிறைத்து. தீர்ந்த பிறகே அடுத்தது.

அடுப்புப் பரண் பற்றி ஒரு வார்த்தை. மிளகாய்க்கும் தீப்பெட்டிக்கும் அது நல்ல இடம். தூளுக்கு இல்லை. பகலில் சூடு, இரவில் குளிர் என்று மாறி மாறி வரும்போது போத்தலுக்குள் காற்று விரிந்து சுருங்கி, மூடி இடுக்கு வழியாக மூச்சு விடுகிறது. வெளியே போகும் மூச்சோடு மணம் போகும், உள்ளே வரும் மூச்சோடு புகை வரும்.

பிரிட்ஜில் வைக்கலாமா

வைக்கலாம், இரண்டு நிபந்தனையோடு. குளிர் ஆவிப்பறப்பையும் ஒட்சியேற்றத்தையும் மந்தமாக்கும், அது இலாபம். ஆனால் போத்தல் இறுக்கமாக இல்லாவிட்டால் பிரிட்ஜின் வறண்ட காற்று தூளைக் காயவைக்கும். கருவாடும் தூளும் வாடையை மாற்றிக்கொள்ளும். இது முதல் நிபந்தனை. இரண்டாவது, எடுத்த உடனே திறக்கக் கூடாது. குளிர்ந்த போத்தல் மழைநாள் காம்பராவுக்கு வந்தால் அதன் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டும். பனிபடுநிலை என்று பார்த்தோமே, அதேதான். அப்போது திறந்தால் அந்தத் தண்ணீர் தூளின் மேலேயே கட்டும். இரண்டு மணி நேரம் மூடியபடி வெளியே வைத்துவிட்டுத் திறந்தால் தொல்லையில்லை. தினமும் எடுக்கும் டப்பிக்குப் பிரிட்ஜ் உகந்ததல்ல, நீண்ட நாள் சேமிப்புக்கு மட்டும்தான். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியா போன்ற இடங்களில் ஆண்டின் சராசரி வெப்பமே 16 பாகை அளவில்தான். அங்கே வெயில் படாத ஒரு மூலையே போதும்.

புகையிலை வண்டு என்று ஒரு பூச்சி உண்டு. மல்லி, மிளகாய்த்தூளிலும் வரும் அதே சின்னக் கபில நிற வண்டுதான். சந்தேகம் இருந்தால் பிரிட்ஜின் உறையறையில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் முட்டையோடு செத்துவிடும்.

காய்ந்ததை மீட்பது

தூளின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். தெளித்த இடம் சேறாகும், மற்ற இடம் புழுதியாகவே இருக்கும், அந்தச் சேற்றில்தான் பூஞ்சணம் தொடங்கும். தண்ணீரை ஆவியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய மூடிபோட்ட பாத்திரத்தின் அடியில், கொதித்தாறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. அதன் மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து, சிரட்டை மேல் தூள் பரப்பிய தட்டு. துணியும் தூளும் தொடக் கூடாது. மூடி வைத்து, இரண்டு மணிக்கொரு தரம் திறந்து கிளறி, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். முதல்நாள் பதம் வந்ததும் உடனே எடுத்துப் போத்தலில் அடைக்க வேண்டும். மறந்துபோய் இரண்டு நாள் விட்டால் உருளைக்கிழங்குக் கதைதான்.

தராசு இருந்தால் இன்னும் சுலபம். புதிதாக நிறைத்த போத்தலின் எடையை மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். திறக்காத போத்தல் சில மாதம் கழித்து 3 கிராம் குறைந்திருந்தால் போனது ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர், மூடி கசிகிறது. எடை மாறாமல் மணம் மட்டும் குறைந்திருந்தால் அது செத்த தூள். அதற்கு எந்தத் துணியும் உதவாது. போன மணம் திரும்பாது. பூத்த தூளையும் மீட்க முடியாது. மேலே சுரண்டிவிட்டுக் கீழே உள்ளதைப் போடலாம் என்று நினைக்க வேண்டாம், பூஞ்சணத்தின் விதை போன்ற நுண்துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் பரவியிருக்கும். அதை மூக்கால் இழுப்பது நுரையீரலுக்கு நேரே அனுப்புவது மாதிரி.

புதிதாக இருப்பது வேறு, தீங்கில்லாமல் இருப்பது வேறு

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் மூக்குத்தூள் புகையிலைதான். நிக்கொட்டின் அடிமைப்படுத்தும். மூக்குத்தூள் உட்படப் புகையில்லாப் புகையிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு முக்கிய காரணம் நைத்திரசமைன்கள் எனப்படும் பொருட்கள். ஈரப் புகையிலையைச் சூடான இடத்தில் நாள்கணக்கில் வைத்தால் அவை இன்னும் கூடலாம். ஆகவே நமுத்த தூளைச் சூட்டில் வைப்பது சுவையை மட்டும் கெடுப்பதில்லை. போடாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம்.

நான் இதை எழுதுவது அம்மாயி மாதிரி ஆட்களுக்காக. அறுபது வருடப் பழக்கம். கொழுந்துக் கூடையோடு மலையேறிய காலத்திலிருந்து மடியில் இருந்த டப்பி. பூஞ்சணத் தூளை வீணாக்க மனமில்லாமல் போட்டு மூச்சுத்திணறுவதை விட, நல்ல தூளைக் கொஞ்சமாகப் போடட்டும் என்பதுதான்.

கடைசியாக, போத்தலின் மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதுங்கள். டஸ்ட் தேயிலையும் மூக்குத்தூளும் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு தடவை விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்றப் போன தங்கச்சி, தூள் போத்தலைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டுவிட்டாள். நெடி அடித்ததால் தப்பித்தோம். நிக்கொட்டின் நஞ்சு. சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உள்ளே போனாலும் ஆபத்து. அதனால் தூள் போத்தல் தேயிலை இருக்கும் பலகையில் இருக்கக் கூடாது. தேயிலை பக்கத்தில் உள்ள எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம். அம்மாயியின் போத்தல் இப்போது சாமிப்படத்துக்கு மேலே உள்ள பலகையில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மூடியைச் சுற்றி ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம், கண்ணாடி போடாமலேயே அவருக்கு அடையாளம் தெரியும்.